குமாரமங்கலம் ஜமீன்தாரும் ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட்டும்

டாக்டர் ப. சுப்பராயன் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் தேசியவாதிகளில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சைமன் கமிஷன். அது இயல்பே. பிற்பாடு அவர் காங்கிரஸில் சேர்ந்ததையும், ராஜாஜியின் மந்திரிசபையில் அமர்ந்ததையும், சுதந்திர பாரதத்தில் பல பதவிகள் வகித்ததையும் நினைவுகூர்வோர் உண்டு. ஆனால், சனிக்கிழமை பிற்பகலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மைதானத்தில் பாய் விரித்து, காசு கருதாமல் கிரிக்கெட் ஆடும் குமாஸ்தாக்களும் மாணவர்களும் ஆலைச் சிப்பந்திகளும் அவருக்குப் பட்டிருக்கும் கடனைப் பற்றி எவரும் பேசக் காணோம். அதைப் பற்றியே இங்கு நாம் எழுதப் புகுந்தோம். பந்தாட்டம் அற்ப விஷயம் என்று கருதும் தேச ஊழியர்கள் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்; ஆலயக் கதவும் இக்கதையில் வருகிறது.

சுப்பராயன் 1889-ம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி பிறந்தார். குமாரமங்கலம் திருச்செங்கோட்டை அடுத்த ஊர்; அன்று சேலம் ஜில்லா, இன்று நாமக்கல் ஜில்லா. கொங்கு வேளாளர் குலத்து ஜமீன் குடும்பம். சென்னை ராஜதானிக் கலாசாலையில் படித்துவிட்டுக் கடல் கடந்தார், ஆக்ஸ்போர்டில் பயின்றார், டப்ளின் சர்வகலாசாலையில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஊர் திரும்பியவர் ஜமீனைக் கட்டிக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். அக்காலத்து ஜமீன்தார்களில் பெரும்பாலோர் அதைத்தான் செய்தார்கள். இவரோ தம் விவாகத்திலேயே ஊர் வழக்கத்தை மீறினார். மங்களூரில் தாழ்த்தப்பட்ட மக்களுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தி, அதற்காகத் தம் சமூகத்தாரால் ஒதுக்கி வைக்கப்பட்ட குத்முல் ரங்கராவின் புதல்வி ராதாபாயை மணந்தார். மணமகள் சாரஸ்வதப் பிராமணக் குலம். கொங்கு நாட்டில் கலப்பு மணம் என்ற சொல்லே வழக்கில் இல்லாத காலம் அது.

1926-ம் வருஷம் டிசம்பரில் அவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். சுயராஜ்யக் கட்சியார் பதவி ஏற்க மறுத்தனர். ஜஸ்டிஸ் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. எக்கட்சியையும் சேராத சுப்பராயனைக் கவர்னர் கூப்பிட்டார். 1928-ல் சைமன் கமிஷன் வந்தபோது தேசமே பகிஷ்காரம் செய்தது. சுப்பராயன் பகிஷ்காரத்துக்கு இணங்கவில்லை. அவருடைய சகாக்கள் ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் ராஜிநாமாச் செய்து வெளியேறினர். அவரோ புதிய சகாக்களைச் சேர்த்துக்கொண்டு 1930 வரை பதவியில் நீடித்தார். இதற்குச் சமாதானம் கூற நாம் முன்வரவில்லை. ராஜிநாமாச் செய்த இருவர் பக்கமே நியாயம் இருந்தது என்பது நமது அபிப்பிராயம். ஆனால் ஒரு மனிதரின் ஜாதகத்தை ஒரே கட்டத்தில் எழுதி முடித்துவிடலாகாது.

இனிக் கிரிக்கெட்டுக்கு வருவோம். சென்னையில் இந்த ஆட்டம் வெள்ளைக்காரர்களின் சொத்தாக இருந்தது. 1846-ல் ஏற்பட்ட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப், சேப்பாக்கத்து மைதானத்தைத் தன் அந்தப்புரம்போல் வைத்திருந்தது. இந்தியர் அங்கே ஆட்டத்துக்கு அழைக்கப்படலாம், அங்கத்தினராக முடியாது. ஆடப் போன இந்தியர்கள் மரத்தடியில் உண்ண, வெள்ளையர் கொட்டகைக்குள் உண்டார்கள் என்று சொல்வதுண்டு. இந்த அவமானம் பொறுக்காமல்தான் மயிலை லஸ் பங்களாவைச் சேர்ந்த புச்சிபாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். தம் சொந்தச் செலவில் இளைஞர்களுக்கு மட்டையும் பந்தும் கொடுத்துப் பழக்கினார். வெள்ளையர் கட்சிக்கும் இந்தியர் கட்சிக்கும் ஒரு பந்தயம் நடத்த ஏற்பாடு செய்துவிட்டு, 1908-ம் வருஷக் கடைசியில், அது நடைபெறுமுன்பே காலமானார். பிறகு அந்தப் பந்தயம் பொங்கல்தோறும் நடக்கும் திருவிழாவாகி, 1952 வரை நீடித்தது.

புச்சிபாபுவின் தொண்டு பெரிது. எனினும் பொங்கல் பந்தயத்தில் ஒரு குறை இருந்தது. மனிதனின் தோலைப் பார்த்து அவனை இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று பிரித்தார்கள். பம்பாயில் நடந்ததோ இதைவிட மோசம். 1892-ல் வெள்ளையருக்கும் பார்ஸிகளுக்கும் தொடங்கிய பந்தயத்தில் 1907-ல் ஹிந்துக்கள் சேர்ந்தனர். 1912-ல் முஸ்லிம்கள் சேர்ந்தனர். 1937-ல் கிறிஸ்தவர் முதலானோரைத் திரட்டி மீதியுள்ளோர் என்று ஒரு கட்சி கட்டினார்கள். மீதியுள்ளோர்! விஜய் ஹஸாரே 1943-ல் அந்தக் கட்சிக்காக 387 ஓட்டங்களில் 309-ஐத் தாம் ஒருவரே எடுத்தார். அப்பேர்ப்பட்ட வீரர் தம் சொந்த நாட்டில் மீதியாகக் கணக்கிடப்பட்டார்.

வாராந்தரக் கிளப் ஆட்டத்தின் தன்மையே வேறு. 1932-ல் சென்னையில் இந்தியக் கிளப்புகளை ஒன்றுசேர்த்து இந்தியன் கிரிக்கெட் பெடரேஷன் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டபோது அதன் தலைமையில் நின்றவர் சுப்பராயன். பெடரேஷன் செய்த முதற் காரியம் லீக் பந்தயம் தொடங்கியது. கிளப்புகளை டிவிஷன்களாகப் பிரிப்பது. ஒவ்வொரு கிளப்பும் தன் டிவிஷனிலுள்ள மற்றவற்றோடு வார விடுமுறையில் மோதுவது. வெற்றிக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு வைப்பது. புள்ளி மிகுந்தவர் மேல் டிவிஷனுக்கு ஏறுவது, குறைந்தவர் கீழே இறங்குவது. கேட்பதற்கு வெகு சாதாரணம். ஆனால் இங்கே ஒருவன் கட்சியில் சேருவதற்குச் சந்தாவும் திறமையுமே போதும். திருவல்லிக்கேணிக் கிளப்பில் ஆடுகிறவன் திருவல்லிக்கேணிக்காரன். அவன் நெற்றியை எவரும் பார்ப்பதில்லை. கவர்னர் வந்து கை குலுக்கும் வருஷாந்தர வைபவம் அல்ல இது. தேங்காய்நார்ப் பாயைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போய், முளையடித்து விரித்து, வெயிலில் நின்று ஆடி, மறுநாட் காலையில் ஆபீசுக்குப் போகிறவர்களின் ஆட்டம். நாலு பெரிய மனிதர்கள் கூடி நடத்தும் பந்தயத்தை விட, நாற்பது சிறு கிளப்புகள் தாமாகவே நடத்திக்கொள்ளும் லீக் சுயராஜ்யத்துக்கு அருகில் நிற்கிறது என்று நாம் கருதுகிறோம். காரியதரிசி தேர்தல், கணக்கு, புகார், அப்பீல் எல்லாம் அதில் உண்டு, சண்டையும் உண்டு.

சுப்பராயன் மட்டை பிடித்துப் புகழ் பெற்றவர் அல்லர். அவர் கொண்டுவந்தது தமது அந்தஸ்து. மாஜி பிரதம மந்திரி ஒருவர் தலைவராக உட்கார்ந்திருக்கும் ஸ்தாபனத்தைச் சேப்பாக்கத்துத் துரைகள் லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. பின்னர் இந்தியரும் ஐரோப்பியரும் ஒரே சங்கத்தில் அமர்ந்து மாகாணக் கிரிக்கெட்டை நடத்தும் நிலை வந்தது. 1934 நவம்பர் 4-ந் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. ஜான்ஸ்டன் என்ற வெள்ளையர் தலைமையில், தமிழரான எம். ஜே. கோபாலன் முதல் பந்தை வீச, சீக்கியரான ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்த, மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. சென்னை எடுத்தது 130. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. தோலைப் பார்த்துப் பிரிக்கப்பட்டவர்கள் ஒரே கட்சியில் நின்றார்கள் என்பதே நமக்கு அந்த ஓட்டக் கணக்கை விட முக்கியம்.

லீக் தொடங்கிய அதே 1932-ல் சுப்பராயன் வேறொரு கதவையும் தட்டினார். அவ்வருஷம் நவம்பரில் ஹரிஜனங்களின் ஆலயப் பிரவேசத்தை ஆதரித்துச் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதைச் சட்டமாக்க ஒரு மசோதாவும் தயாரித்தார். அத்தகைய மசோதாவுக்கு வைஸ்ராயின் முன்னனுமதி வேண்டும். மகாத்மா எரவாடாச் சிறையிலிருந்தபடியே அதை ஆவலுடன் கவனித்து வந்தார். 1933 ஜனவரியில் வைஸ்ராய் அனுமதி மறுத்துவிட்டார். இது ஒரு மாகாணத்தோடு அடங்கும் விஷயமன்று என்பது சர்க்கார் சொன்ன காரணம். சைமன் கமிஷனோடு ஒத்துழைத்தவருக்கு வெள்ளைச் சர்க்கார் அளித்த சம்மானம் இதுதான்! அதே வருஷம் அவர் காங்கிரஸில் சேர்ந்தார். 1937-ல் ராஜாஜியின் மந்திரிசபையில் சட்டத்துக்கும் கல்விக்கும் பொறுப்பேற்றார். 1939-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியபோது அவர் மந்திரி ஆசனத்தில் இருந்தார். ஓமந்தூரார் காலத்தில் 1947-ல் அதைவிட விரிவான சட்டம் வந்தபோதும் அவர் மந்திரியே. ஆறு வருஷம், பதினைந்து வருஷம் என்று காத்திருந்து கதவைத் திறந்தவர்களில் அவரும் ஒருவர்.

1938 முதல் 1946 வரை அவர் அகில இந்தியக் கிரிக்கெட் போர்டின் தலைவராக இருந்தார். அதற்கு முன்னும் பின்னும் அப்பதவியைச் சமஸ்தானாதிபதிகளும் டில்லிப் பிரமுகர்களும் வகித்திருக்கிறார்கள். கொங்கு நாட்டுக் கிராமத்திலிருந்து ஒருவர் அதில் எட்டு வருஷம் அமர்ந்தது விசேஷமே. யுத்த காலம், வெளிநாட்டு ஆட்டக்காரர் வருகை நின்றிருந்தது. அந்நாளில்தான் 1940 டிசம்பரில் மகாத்மா பம்பாய்ப் பந்தயத்தின் மத அடிப்படையைக் கண்டித்தார். போர்டு நடத்திய ரஞ்சிக் கோப்பை மாகாணங்களுக்கும் சமஸ்தானங்களுக்குமானது. பம்பாய்ப் பந்தயமோ ஜிம்கானாக்களுக்குச் சொந்தம், டிக்கெட் விற்பனையும் அமோகம். வருமானம் வருகிற விஷக்கிணற்றை மூடுவது எளிதல்ல. 1946-ல் கடைசி ஆட்டம் ஆடி அந்தப் பந்தயம் ஒழிந்தது. அதற்குச் சில வாரம் முன்பு, 1945 டிசம்பரில், ஹாஸெட் தலைமையில் வந்த ஆஸ்திரேலியப் படைவீரர் கட்சியைச் சேப்பாக்கத்தில் இந்தியக் கட்சி ஆறு விக்கெட்டில் வென்றது. ரூஸி மோடி 203 ஓட்டங்கள் குவித்தார். அவர் பார்ஸி, தலைவர் மெர்ச்சன்ட் ஹிந்து. மைதானத்தில் ஆரவாரித்த கூட்டம் அதையா கேட்டது?

மிகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசியல் நிர்ணய சபை அங்கத்தினர்; இந்தோனேஷியாவில் நம் தூதர்; ஆட்சிமொழிக் கமிஷனில் சுனீதி குமார் சட்டர்ஜியைப் போலப் பெரும்பான்மையோருடன் ஒத்துப்போகாமல் தனிக்குறிப்பு எழுதியவர்; 1957-ல் திருச்செங்கோட்டிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்று, பின்னர் மத்திய மந்திரி; கடைசியில் மகாராஷ்டிர கவர்னர். அப்பதவியிலேயே 1962 அக்டோபர் 6-ந் தேதி காலமானார். ஒரு புதல்வர் ராணுவத் தலைமைத் தளபதியானார். இன்னொருவரும் புதல்வி பார்வதியும் கம்யூனிஸ்டுகளாயினர். பார்வதி கிருஷ்ணன் கோயம்புத்தூரிலிருந்தே மூன்று முறை பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரே வீட்டில் இத்தனை கட்சி! ஜமீன்தார் எவரையும் தடுக்கவில்லை போலும்.

அவர் ஊன்றிய லீக்கின் நிழல் அவருடைய சொந்த நாட்டின்மேல் எவ்வளவு விழுந்தது என்பதே நமக்குள்ள மனக்குறை. லீக் தலைநகரில் வேர் விட்டது. ஜில்லாக்களுக்கு அது மெதுவாகவே வந்தது. இத்தனைக்கும் 1932-லேயே பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர்ப் பக்கம் பாயத் தொடங்கி, ஆலைகள் மளமளவென்று எழுந்தன. ஆலைகளோடு கலாசாலைகள், அவற்றோடு மைதானங்கள், சம்பள நாள், வார விடுமுறை என்று கிளப் கிரிக்கெட்டுக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. இன்று கோயம்புத்தூர் ஜில்லாக் கிரிக்கெட் சங்கம் பல டிவிஷன்களில் லீக் நடத்துகிறது. வங்கி ஊழியரும் வியாபாரியும் கலாசாலை மாணவனும் ஞாயிறு காலையில் ஒரே கட்சியில் இறங்குகிறார்கள். என்றாலும் கொங்கு நாட்டுப் பையன் மேலே போக வேண்டுமானால் சென்னை லீகில்தான் இடம் பிடிக்க வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. சென்னை லீகின் மேல் டிவிஷனிலோ கம்பெனிகளின் பணம் புகுந்து, சந்தா கட்டி ஆடும் பழைய கிளப்புகளை ஓரங்கட்டியது. உத்தியோகம் கிடைத்ததால் பல ஏழை ஆட்டக்காரர்கள் பிழைத்தார்கள் என்பதையும் மறைக்கலாகாது.

சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டியில் நெசவுக் கூலிக் குடும்பத்தில் பிறந்த நடராஜன், டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகி, சென்னை லீகின் நாலாவது டிவிஷனில் நுழைந்து, படிப்படியாக மேலேறினார். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காகப் பந்து வீசினார்; 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டத்திலும் இறங்கினார். திரும்பி வந்தபோது சின்னப்பம்பட்டி ஜனங்கள் அவரைச் சாரட்டில் ஏற்றி ஊர்வலமாக அழைத்துச் சென்றார்கள்.