தொலைவிலிருந்து இயக்கிய மேதை: நிக்கோலா டெஸ்லா

கைக்கு அடக்கமான ஒரு பெட்டியிலுள்ள விசையைத் திருப்பினால், தொலைவில் நிற்கும் சின்னஞ்சிறு வண்டி பாறைமேல் மெல்லத் தொற்றி ஏறுகிறது. இத்தகைய வண்டியைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்து மகிழும் பிள்ளைகள் இன்று பல நாடுகளில் உள்ளனர். அவ்வண்டியைப் பிரித்துப் பார்த்தால் நாம் காண்பவை நான்கு: வானொலி அலையை வாங்கும் கருவி, சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார், முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார், இவற்றுக்கு வலுவூட்டும் பாட்டரி. இந்நான்கையும் ஒரே கலத்தில் அமைத்து, அதை உலகறிய ஓட்டிக் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. அவர்தம் வாழ்க்கையைச் சிறிது காண்போம்.

இன்று குரோஷியா எனப்படும் நாட்டிலுள்ள ஸ்மில்யான் என்னும் சிற்றூரில், 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள் டெஸ்லா பிறந்தார். தந்தையார் மிலுட்டின், செர்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் குரு. அன்னையார் ஜூகா பள்ளி சென்று பயிலாதவர். எனினும் வீட்டு வேலைக்குத் தேவையான கருவிகளைத் தாமே புனைந்து செய்வார். தாமே நூற்ற நூலால் அழகிய வேலைப்பாடுகள் நெய்வார். புதியன படைக்கும் ஆற்றல் தமக்கு அன்னையிடமிருந்தே வந்தது என்று டெஸ்லா பின்னாளில் நன்றியுடன் எழுதினார். அடுப்பங்கரையிலும் ஒரு விஞ்ஞானக்கூடம் உண்டு என்பதற்கு அவ்வம்மையார் சான்றாவார்.

சிறுவன் நிக்கோலா வாளாவிருந்ததில்லை. பறக்கும் வண்டுகளை மெல்லிய குச்சியில் ஒட்டி, அவை சிறகடிக்கும் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழலச் செய்தான். அவன் செய்த முதல் இயந்திரங்களுள் அது ஒன்று. தந்தையாரோ மகன் தம்மைப்போல் குருவாக வேண்டும் என விரும்பினார். பள்ளிப் படிப்பை முடித்து வீடு திரும்பிய நிக்கோலாவைக் காலரா பற்றிக்கொண்டது. பல மாதங்கள் படுக்கையில் கிடந்தான். பிழைத்தெழுந்தால் பொறியியல் கற்க அனுப்புவதாகத் தந்தை வாக்களித்தார். மகன் எழுந்தான், தந்தையும் வாக்கைக் காத்தார்.

ஆஸ்திரியாவிலுள்ள கிராஸ் நகரில் பயின்ற டெஸ்லா, 1884-இல் அமெரிக்கா சென்று எடிசனின் நிறுவனத்தில் சேர்ந்தார். ஓராண்டுக்குள் அங்கிருந்து விலகினார். அடுத்து வந்தது வறுமை. உயர்கல்வி பெற்ற அவர், நாளொன்றுக்கு 2 டாலர் கூலிக்குக் குழி தோண்டும் வேலையும் செய்ய நேர்ந்தது. ஆயினும் மனம் தளரவில்லை. மாறுமின்னோட்டத்தால் இயங்கும் மோட்டாருக்கு 1888-இல் காப்புரிமை பெற்றார். 1896-இல் நயாகரா அருவியின் நீர்வலிமை மின்சாரமாகி, பஃபலோ நகருக்குச் சென்றது அவர் வகுத்த முறையிலேயே.

அதற்கு முந்தைய ஆண்டில் பேரிடி ஒன்று விழுந்தது. 1895 மார்ச் 13 அன்று நியூயார்க்கிலிருந்த அவருடைய ஆய்வுக்கூடம் தீக்கிரையாயிற்று. கருவிகள், குறிப்புகள், பல ஆண்டு உழைப்பு யாவும் சாம்பலாயின. மீண்டும் வேறோர் இடத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். நாம் சொல்ல வந்த படகு அச்சாம்பலுக்குப் பின் பிறந்ததேயாகும்.

1898-ஆம் ஆண்டு நியூயார்க்கின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் மின்சாரக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே ஒரு நீர்த்தொட்டியில் சில அடி நீளமுள்ள இரும்புப் படகு மிதந்தது. அதற்கும் டெஸ்லாவுக்கும் இடையே கம்பி ஏதுமில்லை. அவர் விசையைத் தொட்டதும் படகு நகர்ந்தது, திரும்பியது, விளக்குகளை ஏற்றி அணைத்தது. மக்கள் கண்களை நம்பவில்லை. சிலர் மந்திரம் என்றனர்.

அம்மந்திரத்தின் உள்ளே என்ன இருந்தது? உலோகத்துகள் நிரம்பிய சிறு குழல் ஒன்று. சாதாரண நிலையில் துகள்கள் மின்சாரத்தை எளிதில் விடா. வானொலி அலை வந்து பட்டதும் அவை ஒன்றோடொன்று இசைந்து வழிவிடும். உடனே குழல் புரட்டப்படும். துகள்கள் பிரிந்து அடுத்த ஆணைக்குக் காத்திருக்கும். ஒவ்வோர் ஆணைக்கும் ஒரு வட்டு ஒரு படி நகரும். ஒரு படியில் சுக்கான் ஒரு பக்கம் திரும்பும். அடுத்த படியில் நிற்கும். அதற்கடுத்த படியில் மறுபக்கம் திரும்பும். ஆகவே, எத்தனை முறை தட்டினோம் என்னும் கணக்கை இயக்குபவர் மறத்தல் ஆகாது.

பார்வையாளர் படகிடமே கேள்விகள் கேட்டனர். 64-இன் கனமூலம் யாது என்று ஒருவர் வினவ, படகின் விளக்கு நான்கு முறை மின்னியது என்பர். தம் பொறிக்கு அறிவு உண்டென்று பறைசாற்றி, டெஸ்லா மேலும் புகழ் தேடியிருக்கலாம். அவரோ, விடை சொன்னது தாமே, படகு தம் ஆணையை நிறைவேற்றியது அவ்வளவே என்று பின்னர் வெளிப்படையாக எழுதினார். அவ்வாண்டு நவம்பர் 8-இல் காப்புரிமை கிடைத்தது. விண்ணப்பத்தைப் படித்த அலுவலர் நம்பாமல், நேரில் வந்து கண்ட பின்னரே ஒப்புதல் அளித்தாராம்.

பிறர் அனுப்பும் அலை குறுக்கிட்டால் படகு வழிதவறாதோ? அதற்கும் வழி கண்டார். இரு வேறு அலைகள் ஒருசேர வந்தால் மட்டுமே பொறி இயங்கும் முறைக்கு 1900-இல் விண்ணப்பித்து, 1903-இல் உரிமை பெற்றார். இரண்டு சாவிகளால் திறக்கும் பூட்டைப் போன்றது அது. இன்று ஒரே திடலில் பல வண்டிகள் ஓடினாலும், ஒவ்வொன்றும் தன் தலைவனின் ஆணையை மட்டும் கேட்பதற்கு அடிப்படை இத்தகைய எண்ணமே.

எல்லாம் சரி, இப்பொறி எதற்குப் பயன்படும்? இக்கேள்விக்கு டெஸ்லாவிடம் இரண்டு விடைகள் இருந்தன. ஆளில்லாப் படகில் வெடிமருந்தை அனுப்ப முடியுமானால், அதன் அழிவாற்றலுக்கு அஞ்சி நாடுகள் போரையே கைவிடும் என்று தம் விண்ணப்பத்தில் எழுதினார். மனிதனின் கடும் உழைப்பைத் தாங்கும் பொறிகளுக்கு இதுவே தொடக்கம் என்றும் நம்பினார். வாஷிங்டனில் ஓர் அலுவலரிடம் எடுத்துரைத்தபோது அவர் நகைத்தார். ஆயினும் பிற்காலப் போர்களில் ஆளில்லாக் கருவிகள் புகுந்தன. அச்சத்தால் அமைதி வரவில்லை. முதல் விடை பொய்த்தது. இரண்டாவது விடையோ மெய்யாயிற்று.

டெஸ்லாவின் இறுதிக்காலம் எளிமையானது. லாங் தீவில் அவர் எழுப்பத் தொடங்கிய மாபெரும் கோபுரம் பணமின்றி நின்றது, 1917-இல் இடிக்கப்பட்டது. விடுதி அறைகளில் தனித்து வாழ்ந்தார்; புறாக்களுக்கு இரையிடுவதில் இன்பம் கண்டார். 1943 ஜனவரி 7 அன்று, உலகப்போரின் நடுவே, நியூயார்க்கில் 86-ஆம் வயதில் மறைந்தார். 1960-இல் காந்தப்புலச் செறிவின் அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அப்படகின் வழித்தோன்றல்கள் இன்று மனிதன் கால்வைக்க இயலாத பாறைகளில் ஏறுகின்றன. 1970-இல் சோவியத் நாட்டின் லூனகோத் வண்டி எட்டுச் சக்கரங்களுடன் நிலவில் உருண்டது. 1997-இல் செவ்வாயில் ஊர்ந்த ஆறு சக்கர வண்டியான சோஜர்னரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டோனா ஷெர்லி என்னும் பெண்மணி. 2023-இல் நம் நாட்டின் பிரக்யான் நிலவின் தென்முனைப் பகுதியில் சுமார் 100 மீட்டர் ஊர்ந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். துணை இயக்குநர் கல்பனா காளஹஸ்தி.

மாணவியரே! பழைய விளையாட்டுப் பொம்மையின் மோட்டாரைக் கழற்றி, பல்சக்கரங்களைக் கோத்து நீங்களும் ஒரு வண்டி செய்து பாருங்கள். பாறை ஏறும் வண்டிக்கு வேகம் தேவையில்லை. மோட்டாரின் வேகத்தைப் பல்சக்கரங்களால் குறைத்தால் இழுவிசை பெருகும்; நான்கு சக்கரங்களும் தரையை விடாது பற்றுமாறு அச்சுகள் அசைந்து கொடுத்தால் வண்டி கவிழாது. மெல்லச் செல்வதே மேலே செல்லும். டெஸ்லாவின் வாழ்வும் அவ்வாறே சென்றது. பொறி நன்றும் அறியாது, தீதும் அறியாது. கையிலுள்ள விசை சொல்வதைச் செய்யும். அந்தக் கை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதை நாம்தாம் முடிவு செய்தல் வேண்டும்.