புல்லிடையே பூ வளர்த்த வில்லியம் றொபின்சன்

ஆங்கிலத் தோட்டக்கலையின் வரலாற்றைப் படிப்போர் வில்லியம் றொபின்சன் என்னும் பெயரைத் தவிர்த்து அப்பால் செல்ல இயலாது. அவருடைய வாழ்க்கையை நான் விரும்பிப் படிப்பதற்குத் தோட்டப்பற்று மாத்திரம் காரணமன்று. பிறர் களையென்று பிடுங்கி எறிந்த செடிகளுக்கு ஒரு தேசத்தின் தோட்டங்களிலே இடம் தேடிக் கொடுத்த எளிய தொழிலாளி அவர்.

அயர்லாந்திலே 1838ஆம் ஆண்டு பிறந்த றொபின்சன், சிறு வயதிலேயே பிரபுக்களின் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் கண்ணாடி வீடுகளைக் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்காலச் செல்வர்கள், வெப்பநாடுகளிலிருந்து கொணர்ந்த மென்மையான செடிகளைக் குளிர்காலம் முழுவதும் நெருப்பு மூட்டிக் கண்ணாடி வீட்டிலே காப்பார்கள். கோடை வந்ததும் வெளியே நட்டு வண்ணக் கம்பளம் விரிப்பார்கள். குளிர் திரும்பியதும் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். எஜமானோடு பிணங்கிய றொபின்சன், ஒரு குளிரிரவில் அந்நெருப்புகளை அணைத்துவிட்டுப் புறப்பட்டார் என்றொரு கதை வழங்குகிறது. அது மெய்யென்று நான் சாதிக்கவில்லை. ஆனால், அவர் மனம் எதனை வெறுத்தது என்பதை அக்கதை சரியாகவே சொல்லுகிறது.

1861இல் அவர் இலண்டனை அடைந்தார். றீஜன்ற் பூங்காவிலிருந்த அரச தாவரவியற் கழகத் தோட்டத்தில், குளிர் தாங்கும் செடிகளையும் ஆங்கில நாட்டுக் காட்டுப்பூக்களையும் பேணும் பணி கிடைத்தது. அவற்றைத் தேடி நாட்டுப்புறமெங்கும் அலைந்தார். வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் எவரும் நீர் வார்க்காமலே பூத்து நின்ற செடிகள் அவருக்கு ஆசான்களாயின. 1866இல் லின்னேயன் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றபோது, அவரை ஆதரித்தோருள் சாள்ஸ் டார்வினும் ஒருவர்.

அதன்பின் அவர் எழுத்தாளரானார். 'காட்டுத் தோட்டம்' என்னும் நூல் 1870இலும், 'ஆங்கிலப் பூந்தோட்டம்' என்னும் பெருநூல் 1883இலும் வெளிவந்தன. இடையில் 1871இல் ஒரு வார இதழையும் தொடங்கினார். இவற்றின் சாரம் எளிது: எந்தச் செடி எந்த மண்ணிலே தானாக வாழுமோ, அதனை அங்கே இடுக, புல்லை ஓயாது ஒட்ட வெட்டாமல் அதனிடையே பூக்களை வாழ விடுக.

எழுத்தாலே ஈட்டிய செல்வத்தைக் கொண்டு, சசெக்ஸ் பகுதியிலுள்ள கிறேவ்ரை மாளிகையை 1880களின் நடுவில் வாங்கினார். வேட்ஸ்வேத்தின் கவிதை வாயிலாக நம் மாணவர் அறிந்த டபடில் மலர்களை அங்கே புல்லிடையே ஆயிரமாயிரமாக நட்டார். அவற்றின் இலை பழுத்து அடங்கும்வரை அரிவாள் காத்திருந்தது.

இந்தக் காத்திருப்பைத்தான் நான் றொபின்சனிடம் கண்ட முதற் பாடம் என்பேன். காட்டுப்பூ விதையைத் தூவிவிட்டால் மீதியை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. உரமேறிய மண்ணிலே முரட்டுப் புல் ஓங்கிப் பூவை நெரித்துவிடும். ஆகவே மெலிந்த மண்ணே வேண்டும். புல்லை அகற்றி வெறுமையாக்கிய நிலத்திலே, புல்விதையும் பூவிதையும் சேர்ந்த கலவையைச் சதுர மீற்றருக்கு 4 கிராம் அளவில் மெல்லத் தூவினால் போதும். புல்லின் வேரிலே ஒட்டி அதன் வலிமையை உறிஞ்சும் 'யெலோ றற்றில்' என்னும் மஞ்சட்பூச் செடியையும் இன்று சேர்க்கிறார்கள். அதன் விதைக்குக் குளிர் பட்டாலன்றி முளை இல்லையாதலால், இலையுதிர் காலத்திலேயே விதைக்க வேண்டும். ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ வித்து முற்றியபின் அறுத்து, சில நாள் அங்கேயே காயவிட்டு, வித்து உதிர்ந்ததும் வைக்கோலை அகற்ற வேண்டும். அகற்றாவிடில் அது மக்கி மண்ணைக் கொழுக்கச் செய்யும். கொழுத்த மண்ணில் மீண்டும் புல்லே ஆளும்.

றொபின்சனைக் குறையற்றவராகக் காட்ட நான் முனையவில்லை. எங்கிருந்து வந்த செடியாயினும் தானாக வாழ்ந்தாற் போதும் என்று எண்ணியவர் அவர். கரடுமுரடான இடங்களுக்கு ஏற்றதென்று அவர் பரிந்துரைத்த இராட்சத 'ஹொக்வீட்' செடி, இன்று பிரித்தானியாவின் ஆற்றங்கரைகளிலே பரவி நிற்கிறது. அதன் பால் பட்ட தோல் வெயிலிலே கொப்புளிக்கும். மண்ணுக்குரிய விதை எது என்று ஆராயாமல் தூவக் கூடாதென்பதை அவருடைய தவறும் நமக்குக் கற்பிக்கிறது.

1909இல் விழுந்து அடிபட்ட பின் எஞ்சிய ஆயுளைச் சக்கர நாற்காலியிலே கழித்தார். அப்போதும் மடியிலே ஒரு பையை வைத்துக்கொண்டு, விதைகளையும் கிழங்குகளையும் தோட்டமெங்கும் வீசியபடி செல்வாராம். 1935இல், 96 வயதிலே மறைந்தார். அந்த 1930களுக்கும் 1984க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்சிலும் இருந்த பூத்த புல்வெளிகளில் 97 சதவீதம் அழிந்து போயின. உழவும் உரமும் செய்த வேலை அது. வேனிற்காலத்திலே வண்டுக்கும் தேனீக்கும் உணவளித்த வெளிகள் ஒரு மனித ஆயுளுக்குள் மறைந்தன.

இன்று அந்நாட்டு நகரசபைகள் பூங்காக்களிலும் வீதியோரங்களிலும் காட்டுப்பூக் கலவைகளை விதைத்து, இழந்ததிற் சிறிதையேனும் மீட்க முயல்கின்றன. வெட்டாத புல்லைக் கண்டு சோம்பல் என்று குறை கூறுவோர் இன்றும் உளர். றொபின்சன் தம் வாழ்நாளெல்லாம் கேட்ட குறை அது. வித்து முற்றும்வரை பொறுத்திருப்பதும் உழைப்பின் ஒரு பகுதியே என்பதற்கு அவர் வாழ்வையே நான் சான்றாகக் காட்டுவேன்.