மெஸ்மர் என்ற வைத்தியர்

'மெஸ்மரிசம்' என்ற சொல்லை நாம் அறிவோம். அதற்குப் பெயர் தந்த பிரான்ஸ் அன்ரன் மெஸ்மர் 1734 இல் ஜேர்மனியில் பிறந்து, 1766 இல் வியன்னாவில் வைத்தியப் பட்டம் பெற்றவர். உடலில் காந்தத் திரவம் ஒன்று ஓடுகிறது, அது தடைப்பட்டால் நோய் என்பது அவர் கொள்கை. 1778 இல் பாரிஸ் சென்றார். இரும்புக் கம்பிகள் நீட்டிய அவரது தொட்டியைச் சுற்றி நோயாளர் கூட்டம் அலைமோதியது. குணமடைந்தோம் என்றவர்களும் பலர்.

1784 இல் பதினாறாம் லூயி மன்னர் விசாரணைக் குழு அமைத்தார். பிராங்கிளின், லவோசியர் போன்றோர் அதில் இருந்தனர். மெஸ்மர் ஒத்துழைக்கவில்லை, சீடர் டெஸ்லோன் முன்வந்தார். பிராங்கிளினின் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்தமூட்டி, கண்கட்டிய 12 வயதுச் சிறுவனை வேறு மரங்களிடம் அழைத்துச் சென்றனர். நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். காந்தமூட்டிய மரமோ 24 அடி தள்ளி நின்றது! கணக்காய்வு செய்து பழகிய எமக்கு இச்சோதனையில் தனிப் பிரியம். திரவம் இல்லை, எல்லாம் கற்பனை என்று குழு தீர்ப்பளித்தது. அக்கற்பனை ஒரு சிறுவனை எப்படி வீழ்த்தியது என்று மேலும் தேடாதது எமக்குக் குறையாகவே படுகிறது.

மெஸ்மர் 1815 இல் மீர்ஸ்பேர்க்கில் காலமானார். 1840களில் ஸ்கொட்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் பிரெயிட் திரவத்தைத் தள்ளிவிட்டு, எஞ்சியதை ஹிப்னாட்டிசம் என்றார். எது மருந்து, எது வெறும் மாக்குளிசை என்று நோயாளிக்குச் சொல்லாமல் சோதிக்கும் இன்றைய முறைக்கு அந்தத் தோட்டமும் ஒரு முன்னோடி.