ஓரத்திலிருந்து வந்த வெற்றி

எனக்குச் சதுரங்கம் சொல்லித் தந்தவர் வாப்பா. நடுவிலுள்ள நான்கு கட்டங்களை முதலில் பிடிக்க வேண்டும் என்பதே அவருடைய முதற்பாடம். அதைச் செய்யாமலே உலகச் சாம்பியனை வென்ற ஒருவரைப் பற்றி வாசித்ததும், அந்த ஆட்டத்தை அவர் முன்னால் பலகையில் வைத்துக் காட்டினேன்.

அவர் பெயர் ரிச்சர்ட் ரேட்டி. இன்று ஸ்லோவாக்கியாவிலுள்ள பெசினோக்கில் 1889இல் பிறந்தவர். வியன்னாவில் கணிதம் படித்தார். மூத்த சகோதரர் ருடோல்ஃப் இசையமைப்பாளர்.

1924 மார்ச் 22, நியூயோர்க் சுற்றுப்போட்டி. எதிரே உலகச் சாம்பியன் கபபிளாங்கா. 1916இலிருந்து எவரிடமும் தோற்காதவர். ரேட்டி முதலில் குதிரையை எடுத்தார். பிறகு பக்கத்துச் சிப்பாய்களை நகர்த்தி, இரண்டு பிஷப்களையும் ஓரங்களில் நிறுத்தினார். அங்கிருந்து அவை மூலைவிட்டமாக நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தன. நடுக்கட்டத்தில் அவருடைய சிப்பாய் கால் வைத்தது 16ஆவது நகர்வில்தான். அதுவரை பொறுத்திருக்க எவ்வளவு துணிவு வேண்டும்! நானென்றால் ஐந்தாவது நகர்விலேயே பயந்திருப்பேன்.

31ஆவது நகர்வில் வெள்ளைக் கோட்டை கறுப்பு இராணியைத் தாக்கியது. கபபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார். வாப்பா ஒப்புக்கொள்ளவில்லை. இராணி தப்ப வழியிருக்கும் என்று ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துத் தேடினார். எங்கே போனாலும் வெட்டு! உம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் அவருக்குக் கேட்கவில்லை.

அந்தப் போட்டியில் முதலிடம் லாஸ்கருக்குத்தான்; ரேட்டிக்கு ஐந்தாமிடமே கிடைத்தது. ஆனாலும் அந்தத் தொடக்கமுறை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

1925இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில், பலகையைப் பாராமல் ஒரே நேரத்தில் 29 பேருடன் விளையாடி அவர் உலக சாதனை படைத்தார். அத்தனை பலகைகளையும் மனத்தில் வைத்திருந்தவர், முடிந்து போகும்போது கைப்பையை மறந்துவிட்டாராம். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது இந்தக் கதையால்தான்.

1929 ஜூன் 6ஆம் திகதி, பிராக் நகரில், செங்காய்ச்சலால் காலமானார். வயது 40. பெரும் ஆட்டக்காரர்களைப் பற்றி அவர் எழுதிவந்த நூல் அவருடைய மறைவுக்குப் பிறகே வெளிவந்தது.