மிதிவண்டியில் இமயம் வந்த அம்மையார்

அடுகோடியிலிருந்து ஒசூர் வரை சைக்கிளில் சென்று திரும்பினால் அறுபத்தைந்து கிலோமீட்டர் அளவுக்கு வரும். நம் மாணவர்களில் ஒருவர் அதைச் செய்துவிட்டால் ஒரு வாரம் அதே பேச்சாக இருக்கும். 1895ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கப் பெண்மணி ஸ்பெயின் நாட்டின் புழுதிச் சாலைகளில், இருபது பவுண்டு மூட்டையுடன், சராசரியாக நாளொன்றுக்கு 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர் வண்டி மிதித்தார். அங்கே அவர் கடந்த தொலைவு 2,800 மைல். அவர்தாம் பானி புல்லக் ஒர்க்மன் அம்மையார்.

1859ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உஸ்டர் நகரில் பெருஞ்செல்வர் வீட்டில் அவர் பிறந்தார். தந்தையார் அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். 1882இல் தம்மினும் பன்னிரண்டு வயது மூத்த மருத்துவர் வில்லியம் ஹண்டர் ஒர்க்மனை மணந்தார். கணவரின் உடல்நலக் குறைவால் குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. 1893இல் சிறுவனான மகன் சீக்பிரீட் இறந்தான். மகள் ரேச்சல் பிறர் பொறுப்பில் வளர, தாயும் தந்தையும் ஊர் சுற்றினர். இதைக் குறையென்பார் உண்டு. ஆனால் ஓர் ஆண்மகன் இவ்வாறு சென்றிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் உடன் சொல்லத்தான் வேண்டும்.

காற்றடைத்த ரப்பர்ச் சக்கரம் பரவத் தொடங்கிய காலம் அது. பெண்கள் சைக்கிள் விட்டால் உடல் கெடும் என்று மருத்துவர் சிலரே அச்சுறுத்திய காலமும் அதுவே. (புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோதுகூட ஏளனம் செய்தோர் இருந்தனர்.) அம்மையார் அட்லஸ் மலைத்தொடரைத் தாண்டிச் சகாரா பாலைவனத்தின் விளிம்பு வரை கணவருடன் வண்டியில் சென்றார். அந்தப் பயண நூல் 1895இல் வெளிவந்தது. அல்ஜீரியாவின் இயற்கை எழிலோடு, அங்கே பெண்கள் பட்ட அல்லலையும் அதில் எழுதினார்.

1897 நவம்பரில் இந்தியப் பயணம் தொடங்கியது. இரண்டரை ஆண்டுகளில், இலங்கை, பர்மா, ஜாவா உட்பட, 14,000 மைல்! இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயம் வரை. அப்போது அம்மையாருக்கு வயது 38, கணவருக்கு 50. வண்டியில் தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டப்பா இறைச்சி, தண்ணீர், ஆளுக்கொரு கம்பளி, மருந்து, பழுது பார்க்கும் கருவிகள், எழுதுதாள். அவ்வளவே. பெரும்பாலும் இருப்புப்பாதையை ஒட்டியே சென்றனர். சில இரவுகளை ரயில் நிலையங்களின் தங்குமறைகளில் கழித்தனர். வேறு சில இரவுகள் எலிகள் ஓடும் அறைகளில். கொசுக்கடிக்குக் குறைவில்லை. ஒரே நாளில் நாற்பது பஞ்சர் வரை ஒட்டியதுண்டு என்றால் அக்காலச் சாலைகளின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். வழியெங்கும் கோயில்களையும் பழங்கட்டடங்களையும் பார்த்துப் படம் பிடித்தனர். இராமாயணமும் பாரதமும் புத்த ஜாதகக் கதைகளும் அவர்கள் அறிந்தவை. இப்பயண நூல் 1904இல் வெளியாயிற்று.

சாலை முடிந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டு மலையேறினர். இங்கேதான் அம்மையாரின் மற்றொரு முகம் தெரிகிறது. சைக்கிளில் சென்றபோது தம் மூட்டையைத் தாமே சுமந்தவர், மலையில் பிறர் முதுகில் ஏற்ற வேண்டியதாயிற்று. 1898 இலையுதிர் காலத்தில் கஞ்சன்சங்கா நோக்கிச் சென்ற பயணம், கூலியாட்களோடு ஒத்துப்போகாமல் பாதியில் முறிந்தது. குளிரில் போதிய உடையின்றிச் சுமை தூக்குபவன் தயங்குவதற்குக் காரணம் உண்டென்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. சோம்பல், ஏமாற்று என்றே எழுதிவைத்தார். பெண்ணுக்கு நேர்ந்த அநீதியை அவ்வளவு கூர்மையாகக் கண்ட கண், கூலிக்காரனின் துன்பத்தைக் காணவில்லை. அவருடைய பெருமையைப் பேசும்போது இதை மறைப்பது முறையன்று.

துணிவில் அவருக்கு நிகர் அவரே. 1899இல் காரகோரத்தில் 21,000 அடி உயரமுள்ள கோசர் குங்கை ஏறினார். 1906இல், 47ஆம் வயதில், நன் குன் மலைத்தொகுதியில் 6,930 மீட்டர் உயரமுள்ள பினக்கிள் சிகரத்தை அடைந்தார். பெண்களில் அதனினும் உயரம் ஏறியவர் 1934 வரை எவருமில்லை. இடையில் ஆன்னி பெக் என்னும் அமெரிக்க அம்மையார் பெரு நாட்டின் உவாஸ்கரான் மலையில் தாம் மேலும் உயரம் ஏறியதாகக் கூறவே, ஒர்க்மன் அம்மையார் விட்டாரில்லை! 13,000 டாலர் சொந்தச் செலவில் பிரெஞ்சு நில அளவையாளரை அனுப்பி அம்மலையை அளக்கச் செய்தார். அது பினக்கிளினும் தாழ்ந்ததென்று முடிவாயிற்று. வீம்பு என்று சிரிக்கலாம். ஆனால் பெண் சொல்லும் கணக்கை எவரும் எளிதில் நம்பாத காலத்தில், அளந்து காட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழி என்ன?

1912இல் சியாச்சின் பனியாற்றை ஆராய்ந்து வரைபடம் எழுதச் செய்தார். அங்கே ஏறத்தாழ 21,000 அடி உயரத்தில், பெண்களுக்கு வாக்குரிமை கோரும் செய்தித்தாளைக் கையில் விரித்துப் பிடித்தபடி நின்று படம் எடுத்துக்கொண்டார். தம் நாட்டில் பெண்கள் அனைவருக்கும் அவ்வுரிமை சட்டமானது 1920இல்தான்.

நெடுநாள் நோயுற்றிருந்து 1925இல் பிரான்சின் கேன் நகரில் அவர் காலமானார். உயிலின்படி நான்கு மகளிர் கல்லூரிகளுக்கு 1,25,000 டாலர் சென்றது. அம்மையார் கல்லூரியில் படித்தவரல்லர்.