மாமா கேட்ட கேள்வியும் மில்காரர் மகனும்

2024 டிசம்பர் 30, ராத்திரி பத்து மணி. திருத்தணியில் எங்க வீட்டு மொட்டை மாடி. மறுநாள் படித்திருவிழா, அதனால கீழே தெரு முழுக்க பஜனை சத்தம். மலையேறும் 365 படிக்கும் பூஜை நடக்கிற நாள் அது, எங்க ஊருக்கு வந்திருந்தா உங்களுக்கே தெரியும். திடீர்னு வடகிழக்கில், ஸ்ரீஹரிகோட்டா பக்கம், ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் எழும்பி வளைந்து போச்சு. ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களோடு போன பி.எஸ்.எல்.வி-சி60. நான் போனில் வீடியோ பிடிச்சிட்டிருந்தேன்.

பக்கத்தில் என் மாமா. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்திருப்பவர். நூல் விலை ஏறி, நாலு தறியில் ரெண்டு நின்றுபோயிருந்த நேரம். இதுக்கு எவ்வளவு செலவு, இதனால எனக்கு என்ன வந்துச்சுன்னு அவர் சாதாரணமாத்தான் கேட்டார். இஞ்சினியரிங் படிக்கிற நான் முழிச்சேன்.

அன்றைக்கு விக்ரம் சாராபாயின் நினைவு நாள் என்பது அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தக் கேள்வியை இந்தியாவில் முதலில் எதிர்கொண்டவர் அவர்தான். அதனால அவர் கதையைத் தேடிப் படிச்சேன். உங்களுக்கும் சொல்றேன்.

சாராபாயும் துணி வியாபாரக் குடும்பம்தான், ஆனா மாமா மாதிரி இல்லை. 1919 ஆகஸ்ட் 12-ல் அகமதாபாத்தில் பிறந்தார். அப்பா அம்பாலால், காலிகோ மில்லின் முதலாளி. பிள்ளைகளுக்காக வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்திய பணக்காரக் குடும்பம். பசின்னா என்னன்னு தெரியாதவர் ஏழை நாட்டுக்கு ராக்கெட் கேட்டார்னு யாராவது குத்திக் காட்டினா, அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தபோது உலகப்போர் வந்தது. ஊர் திரும்பி, பெங்களூரில் சி.வி.ராமனிடம் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சி செய்தார். 1942-ல் நடனக் கலைஞர் மிருணாளினியைக் கல்யாணம் பண்ணினார். மிருணாளினியின் அப்பா சுவாமிநாதன் சென்னையில் பெரிய வக்கீல். ஐ.என்.ஏ. கேப்டன் லட்சுமி கூடப்பிறந்த அக்கா. அந்த வகையில் சாராபாய் மெட்ராஸ் மாப்பிள்ளை.

போர் முடிந்ததும் மறுபடி கேம்பிரிட்ஜ் போய் டாக்டர் பட்டம். 1947-ல், அதாவது சுதந்திரம் கிடைத்த அதே வருஷம், அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். வயது 28. முதல் இயக்குநர் பாலக்காட்டுக்காரரான கே.ஆர்.ராமநாதன். அதே சமயத்தில் மில்களுக்காக ‘அட்டிரா’ என்ற ஆராய்ச்சி நிலையம். நெசவுத் தொழில்நுட்பம் படிக்காதவர் அதை நடத்தினார். 1961-ல் அகமதாபாத் ஐ.ஐ.எம். அவர் கட்டிய நிறுவனங்கள் இன்னும் நிறைய. நமக்கு ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்டையே முடிக்க முடியலை!

1962-ல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழுவுக்குத் தலைவரானார். பூமியின் காந்தமையக் கோடு திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவக் கிராமத்தின் மேலே போகிறது. வளிமண்டலத்தின் மேலடுக்கை ஆராய அது தோதான இடம். ஆனா அங்கே மக்கள் இருந்தாங்க, மேரி மகதலேனா தேவாலயமும் இருந்தது. சாராபாய் பிஷப்பைப் பார்த்துப் பேசினார். பிஷப் ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஊர் மக்களிடமே சம்மதம் கேட்டார். ஊர் இடம் மாறியது, தேவாலயம் ஆபீஸ் ஆனது. 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் பறந்தது. ராக்கெட் அமெரிக்காவுடையது, உள்ளே இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. பாகங்களை சைக்கிளில் கொண்டுபோன போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீங்க.

அடுத்த வருஷங்களை யோசிச்சுப் பாருங்க. 1965, 66 ரெண்டு வருஷமும் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நம்பி நாடு சாப்பிட்டது. பீகாரில் பஞ்சம். மாமா கேட்டதை அப்போ டெல்லியில் கேட்காதவங்க இருந்திருப்பாங்களா?

சாராபாய் நிலாவைக் காட்டி மயக்கலை. மனிதனை அனுப்பிப் பெரிய நாடுகளோடு போட்டி போடும் ஆசையே நமக்கு வேண்டாம் என்பது அவர் நிலை. அவர் கையில் எடுத்தது டி.வி. ஊர் ஊராக டவர் கட்டி கிராமங்களுக்கு டி.வி. கொண்டுபோக எத்தனை செலவு, மேலே ஒரு செயற்கைக்கோள் இருந்தா எத்தனை செலவுன்னு கணக்குப் போட்டுக் காட்டினார். 1969-ல் நாசாவோடு ஒப்பந்தம். அதே வருஷம் ஆகஸ்ட் 15-ல் இஸ்ரோ. தென்னையில் வேர்வாடல் நோய் வந்தபோது, கேரளத் தோப்புகளை ஹெலிகாப்டரில் இருந்து அகச்சிவப்புப் படம் எடுத்து நோய் மரங்களைக் கண்டுபிடித்தார் அவர் கூட்டாளி பிஷாரடி. இந்தியாவில் தொலையுணர்வு ஆரம்பித்தது அந்தத் தென்னை மரத்தில்தான்.

கிழக்குக் கடற்கரையில் அவர் காலத்தில் தேர்வானது ஸ்ரீஹரிகோட்டா. அங்கே காலங்காலமாக இருந்த யானாதி மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். செலவுக் கணக்கு பேசும்போது யாரும் இதைச் சேர்க்கறதில்லை. 1971 அக்டோபர் 9-ல் அங்கே முதல் ரோகிணி ராக்கெட் பறந்தது. மூன்று மாதம்கூட ஆகலை, டிசம்பர் 30-ல் கோவளத்தில் தங்கியிருந்த இடத்திலேயே தூக்கத்தில் இறந்துபோனார். 1966-ல் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்த பிறகு அணுசக்தி ஆணையத்தையும் சேர்த்துச் சுமந்தவர். வயது 52.

அவர் போட்ட டி.வி. திட்டம் 1975 ஆகஸ்டில் சுமார் 2,400 கிராமங்களுக்குப் போனது. ஆந்திராவுக்கு உண்டு, தமிழ்நாட்டுக்கு இல்லை. ஒரு வருஷத்தில் நாசா தன் செயற்கைக்கோளை நகர்த்திக்கொண்டது. இதைத் தோல்வின்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணலை. 1977 நவம்பரில் ஆந்திராவின் திவிசீமையில் புயல் பத்தாயிரம் பேருக்கு மேல் கொன்றது. 2013-ல் ஒடிசா பக்கம் வந்த பைலின் புயலில் இறந்தவர்கள் நூறுக்கும் குறைவு. முகாம்கள், ரோடு, அதிகாரிகள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனா புயல் எங்கே வருதுன்னு மேலேயிருந்து பார்க்க ஒரு கண் இல்லாமல் லட்சக்கணக்கான பேரை முன்கூட்டியே நகர்த்த முடியாது.

பணக் கணக்கு: 2024-25-ல் விண்வெளித் துறைக்கு ஒதுக்கினது சுமார் 13,000 கோடி. மத்திய பட்ஜெட்டில் நூறு ரூபாய்க்கு 30 காசுக்கும் குறைவு.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்ட காலத்தில் திடீர் மழை வந்தா அன்றைய கூலி போச்சு, இப்போ போனில் முந்தின நாளே தெரியுதுன்னு ஒத்துக்கிட்டார். சரி, அந்த யானாதிங்களுக்கு என்ன கொடுத்தாங்கன்னு கேட்டார். அதை நான் இன்னும் தேடிட்டிருக்கேன்.