கூத்துக்கு மறுவாழ்வு தந்த பேராசிரியர் வித்தியானந்தன்

பழைய தெல்தெனிய நகரம் இன்று நீருக்கடியில் உள்ளது. 1985ஆம் ஆண்டு விக்டோரியா நீர்த்தேக்கம் திறந்து வைக்கப்பட்டபோது கடைவீதியும் வழிபாட்டிடங்களும் மூழ்கின. மக்கள் மேட்டு நிலத்தில் புதிய நகரை அமைத்துக்கொண்டனர். மூழ்கிய ஊரை மீட்டெடுக்க எவராலும் இயலாது. ஆனால், மறதியில் மூழ்கிய கலையை மீட்டெடுக்க இயலும். தெல்தெனியவிலிருந்து கண்டியைக் கடந்து சென்றால் வரும் பேராதனையில் அதனைச் செய்து காட்டியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஆவார்.

யாழ்ப்பாணம் தெல்லிப்பழையை அடுத்த வீமன்காமத்தில் 1924ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் திகதி பிறந்த அன்னார், கொழும்பில் பட்டக்கல்வியை முடித்து, பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ‘தமிழர் சால்பு’ என்னும் நூல் அவரது புலமைக்குச் சான்றாகும். சங்க இலக்கியத்தில் தோய்ந்த அத்தகைய அறிஞர் ஒருவர் கிராமத்துக் கூத்தின்பால் நாட்டங்கொண்டது அக்காலத்தில் வியப்புக்குரியதாகவே இருந்தது. கற்றோர் பலர் கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கென ஒதுக்கியிருந்த காலம் அது.

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தது. அங்கு பணியாற்றிய பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, மங்கிவந்த நாடகம் எனும் சிங்கள ஆட்டமரபைத் தழுவி 1956இல் ‘மனமே’யை மேடையேற்றினார். அம்மரபோ தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடையது. சிங்கள மக்கள் தமது அரங்கின் வேரைக் கண்டுகொண்டபோது, தமிழரின் கூத்து ஏன் கிராமத்துக் களரியிலேயே நலிந்து மறைய வேண்டும் என்ற வினா வித்தியானந்தனைப் பற்றிக்கொண்டது.

மேலைநாட்டிலும் இதே காலத்தில் இத்தகையதொரு மீட்பு நிகழ்ந்தது. குரலின் இனிமைக்கு முதன்மை தரும் இத்தாலியப் பாடல் மரபு ‘பெல் கான்டோ’ எனப்படும். அம்மரபில் தொனிசெற்றி இயற்றி 1830இல் மிலான் நகரில் அரங்கேறிய ‘அன்னா பொலேனா’ என்னும் இசைநாடகம் பிற்காலத்தில் மறக்கப்பட்டது. 1957இல் அதே நகரின் லா ஸ்காலா அரங்கில் மரியா கல்லாஸ் பாடியதால் அது புத்துயிர் பெற்றது. அங்கு இயற்றியவரின் இசை ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. கூத்திலோ பாட்டு ஏட்டில் இருந்தாலும், தாளக்கட்டும் ஆட்டமும் அண்ணாவிமாரின் நினைவிலும் உடலிலுமே வாழ்ந்தன. அண்ணாவியார் மறைந்தால் கலையும் மறையும்.

இதனை உணர்ந்தே வித்தியானந்தன் அண்ணாவிமாரைத் தேடிச் சென்றார். கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராக இருந்து மட்டக்களப்பு, மன்னார் போன்ற பகுதிகளில் கூத்தை ஊக்குவித்தார். ‘அலங்கார ரூபன் நாடகம்’ முதலான ஏட்டுப் பிரதிகளைப் பதிப்பித்தார். பேராதனை மாணவருக்கு மட்டக்களப்பு அண்ணாவியாரை ஆசானாக்கினார். பட்டம் பெறாத கிராமத்துக் கலைஞரிடம் பல்கலைக்கழக மாணவர் பணிந்து கற்ற நிகழ்வே இம்முயற்சியின் உயிர்நாடி எனலாம்.

அதன் பயனாக 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. பின்னர் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியன தொடர்ந்தன. விடிய விடிய ஆடப்பட்ட கூத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்குமாறு சுருக்கப்பட்டது. சுற்றிலும் மக்கள் அமர்ந்து காணும் வட்டக்களரி, ஒருபக்கம் நோக்கிய மேடையாயிற்று. மத்தளமும் சல்லரியும் ஆட்டமுறையும் பேணப்பட்டன. ஒப்பனையும் ஒளியமைப்பும் செப்பனிடப்பட்டன.

இம்மாற்றங்கள் கூத்தைக் கிராமத்து வாழ்விலிருந்து பிரித்து, நகரத்தார் சுவைக்கு ஏற்ப ஒடுக்கிவிட்டன என்ற குறை கூறப்பட்டது. அதில் உண்மை இல்லாமலில்லை. களரியில் கூத்து ஊரின் சடங்கு. மேடையில் அது காட்சிப்பொருள். எனினும், இழிவெனக் கருதப்பட்ட கலை மதிப்புப் பெற்றதும், பேராசிரியர் சி. மௌனகுரு போன்றோர் அம்மரபிலிருந்து உருவாகி ‘இராவணேச’னைப் பிற்காலத்தில் மீண்டும் மேடையேற்றியதும் இம்முயற்சியின் விளைவுகளே. சுருக்கப்பட்ட கூத்து, முழுக்கூத்தைத் தேடிச் செல்லும் ஆவலையும் தூண்டியது.

1974இல் யாழ்ப்பாணத்தில் துயரத்தோடு நிறைவுற்ற நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்தியவரும் அவரே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராக நெருக்கடி மிக்க காலத்தில் பணியாற்றி, 1989ஆம் ஆண்டு சனவரி மாதம் மறைந்தார்.

அவர் எழுப்பிய வினா மலையகத்துக்கும் உரியது. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் மலையகத் தமிழர் தம் உழைப்போடு காத்துவந்த செல்வங்கள். தோட்டங்களை விட்டு இளையோர் தொழில் தேடி வெளியேறும் இந்நாளில், அவற்றை ஆட்டுவிக்கும் மூத்தோருக்குப் பின் யார் என்பதே கேள்வி. தெல்தெனியவைச் சூழ்ந்த தோட்டப் பாடசாலைகள் முதல் பேராதனை வரை, அம்மூத்தோரை ஆசானாக அழைத்து மாணவரை அவர்முன் அமர்த்துவது பெரும் பொருட்செலவு வேண்டும் காரியமன்று. ஊர் மூழ்கிய பின் வருந்துவதில் பயனில்லை. கலை மூழ்குமுன் கைகொடுப்பதே பேராசிரியருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.